பாத்திரம் என்றால் பானையா?
(நாட்டார் கதைகளைக் கொண்டு கதையின் உறுப்புகளைக் கற்பிக்கப் புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி)

நியமனம் பெற்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குப் போன முதல் வருடம். தரம் 4. கரும்பலகையில் பாத்திரம், களம், சிக்கல், தீர்வு, கரு என்று ஐந்து சொற்களை அழகாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம் சொல்லிக் கொப்பியிலும் எழுத வைத்தேன். மறுநாள் பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லிவிட்டு, “இந்தக் கதையில் வரும் பாத்திரங்கள் எவை?” என்று கேட்டேன். கடைசி வாங்கில் இருந்த பையன் எழுந்து நின்றான். “எண்ணெய்த் தாச்சி, அகப்பை, வடை போட்டு வைத்த சட்டி, சேர்” என்றான்.

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பாட்டி வடை சுட்டாள் என்றால் தாச்சி இல்லாமலா சுட்டாள்? அவன் வீட்டுக் குசினியில் பாத்திரம் என்ற சொல்லுக்கு என்ன பொருளோ அதைத்தான் சொன்னான். பாடப்புத்தகப் பொருளை முந்தின நாள் நான் சொன்னதும் அவன் அதைக் கொப்பியில் எழுதியதும் உண்மைதான். ஆனால் சொல் கொப்பியோடு நின்றுவிட்டது, கதைக்குள் போகவில்லை.

அன்றைக்கு வெட்கப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பையன் எனக்கு ஒரு வழியைக் காட்டிக்கொடுத்திருக்கிறான் என்று புரிந்தது. அதன்பின் இந்தப் பாடத்தை நான் பானையை வைத்துத்தான் தொடங்குகிறேன். ஒரு தயிர் முட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போவேன். மட்டக்களப்பில் அதற்கா பஞ்சம்!

இது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தரம் 3 முதல் 7 வரை தமிழ் கற்பிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கும், கல்வியியற் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் எழுதியது. நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஆறோ ஏழோ இருந்தால் போதும். முட்டி ஒன்று, வெண்கட்டி, நாலைந்து டிமைத் தாள்கள். வேறு செலவில்லை.

ஏன் பல நாட்டுக் கதைகள்?

ஒரே ஒரு மாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மாடு என்றால் அந்தச் சிவலை மாடுதான். இரண்டாவது மாட்டையும் மூன்றாவது மாட்டையும் பார்த்த பிறகுதான் நிறம் வேறு, கொம்பு வேறு, மாடு என்பது வேறு என்று பிரித்தறிய வருகிறது. கதையும் அப்படித்தான். பாட்டி வடை சுட்ட கதையில் பாட்டியும் மரத்தடியும் வடையும் நரியும் பிள்ளையின் மனத்தில் ஒரே பிண்டமாக ஒட்டிக்கிடக்கின்றன. எங்கே வெட்டிப் பிரிப்பது என்று அதற்குத் தெரியாது. அதே மாதிரியான இன்னொரு கதையை வேறொரு நாட்டிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால், மாறியது எது, மாறாதது எது என்று பிள்ளையே பிரிக்கத் தொடங்கும். வரைவிலக்கணத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திவையுங்கள். அது வரை ‘களம்’ என்ற சொல்லே வேண்டாம். ‘எங்கே, எப்போது’ என்று கேட்டால் போதும்.

கதைகளுக்குள் பொதுவாக ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். நான் பானையை எடுத்தேன். நீங்கள் மரத்தையோ கிணற்றையோ எடுக்கலாம். பொதுப்பொருள் இல்லாமல் ஜப்பானிலிருந்து ஒன்று, ரஷ்யாவிலிருந்து ஒன்று என்று வாரிப்போட்டால் பிள்ளைகள் கதையை ரசிப்பார்கள், ஒப்பிட மாட்டார்கள்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது

ஐந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதை வேண்டும். வருகிறவர்கள் இரண்டு பேரிலிருந்து நான்கு பேருக்குள். நடுவில் ஒரு திருப்பம். இவ்வளவுதான் இலக்கணம். கதையை வாசிக்காதீர்கள், சொல்லுங்கள். புத்தகத்தைப் பிடித்திருக்கும் கை வகுப்புக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு வேலி. வீட்டில் இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். தடுமாறுகிற இடம் எதுவோ, அங்கேதான் கதையின் கணு இருக்கும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் இரு மாவட்டங்களிலும் பத்து மைலுக்குள் கண்ணகி அம்மன் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் இருக்கின்றன. கண்ணகி கதை, நபிமார் வரலாறுகள், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள், கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி புல் தின்ற ஐதிகம் ஆகியவை எல்லாம் ஒருவருக்குக் கதை, இன்னொருவருக்கு நம்பிக்கை. வகுப்பில் சொல்லலாம், மரியாதையோடு கேட்கலாம். ஆனால் ‘முடிவை மாற்றி எழுதுக’ என்ற பயிற்சியை அவற்றின்மேல் ஏவாதீர்கள். நான் ஒரு முறை ஏவினேன். மறுநாள் காலை ஒரு தகப்பனார் வாசலில் நின்றார். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. மாற்றி விளையாடுவதற்குச் சிரிப்புக் கதைகளும் தந்திரக் கதைகளும் வேண்டிய அளவு உண்டு.

முதல் நாள்: நிலாவில் என்ன தெரிகிறது?

முழுநிலா நாளான போயா விடுமுறைக்கு முதல்நாள், “இன்று இரவு நிலாவைப் பார்த்து அதில் என்ன தெரிகிறது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள். விடுமுறை கழிந்து வரும் நாளில் கேளுங்கள். பாட்டி வடை சுடுகிறாள் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். ஔவையார் இருக்கிறார் என்று ஒருவர் சொல்வார். நான் சில காலம் கற்பித்த கல்முனைப் பக்கத்துப் பாடசாலையில் ஒரு மாணவி, “நாங்கள் பிறை பார்ப்போம் சேர், முழு நிலாவில் என்ன இருக்கிறது என்று உம்மம்மா சொல்லவில்லை” என்றாள். அதையும் கரும்பலகையில் எழுதினேன்.

இனி நீங்கள் மற்றவற்றைச் சேர்க்கலாம். சிங்களப் பிள்ளைகளிடம் கேட்டால் முயல் தெரிகிறது என்பார்கள். பசியோடு வந்த விருந்தாளிக்குக் கொடுக்க எதுவுமில்லாத முயல், தன் உடலையே கொடுக்கத் தீயில் பாய்ந்தது. விருந்தாளியாக வந்தவன் இந்திரன். அந்த முயலை உலகம் மறக்கக்கூடாது என்று நிலாவில் அதன் உருவத்தை வரைந்தான். ஜப்பானிலும் முயல்தான், ஆனால் அங்கே அது உரலில் சோற்றை இடித்து மோச்சி என்ற பலகாரம் செய்கிறது. சீனாவில் அதே முயல் மருந்து இடிக்கிறது.

கரும்பலகையில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதுங்கள்: யார்? எங்கே? என்ன செய்கிறார்? நிலாவின் கறை ஒன்றுதான், ஆனால் பதில்கள் நாலு விதம். பிள்ளைகளுக்கு இது பெரிய அதிசயம். “அப்படியென்றால் உண்மையில் என்னதான் இருக்கிறது?” என்று யாராவது கேட்பார்கள். விஞ்ஞான ஆசிரியரிடம் அனுப்பிவிடுங்கள். இன்றைக்கு நமக்கு வேண்டியது, ஒரே இடத்தைப் பார்த்து மனிதர்கள் வேறு வேறு ஆட்களை அங்கே வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் மட்டும். பாத்திரமும் களமும் தனித்தனியாகப் பிரிகிற முதல் வெடிப்பு இது.

முதல் பானை: ஆட்டின் தலை

அடுத்த பாடத்துக்கு முட்டியோடு போங்கள். மேசையில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசாதீர்கள். பிறகு மகாதனமுத்தா கதையைச் சொல்லுங்கள்.

சிங்கள நாட்டார் கதைகளில் வரும் ‘எல்லாம் தெரிந்த’ பெரியவர் மகாதனமுத்தா. அவருக்குச் சீடர்கள் ஐந்து பேர். ஒரு வீட்டில் ஆடு ஒன்று பானைக்குள் தலையை விட்டுவிட்டது, வெளியே எடுக்க முடியவில்லை. பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் யானைமேல் வந்தார். வாசல் சிறியது, யானை நுழையாது. “மதிலை உடையுங்கள்” என்றார். உடைத்தார்கள். உள்ளே வந்து பார்த்தார். “ஆட்டின் தலையை வெட்டுங்கள்” என்றார். வெட்டினார்கள். உடல் வெளியே விழுந்தது, தலை இன்னும் பானைக்குள். “அப்படியென்றால் பானையை உடையுங்கள்” என்றார். உடைத்தார்கள். தலை வெளியே வந்தது.

இந்தக் கதையை அம்பாறைப் பக்கத்திலோ படுவான்கரையிலோ சொன்னால் யானை வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். யானை வேலி பாய்ந்து நெல் தின்னும் ஊர்கள் இவை. ஒரு பிள்ளை என்னிடம், “சேர், மதிலை ஆட்கள் உடைக்கத் தேவையில்லை, யானையே உடைக்கும்” என்றாள். அவள் சொன்னது சரி. களம் மாறினால் கதையில் ஒரு முடிச்சு அவிழ்ந்து போகும் என்பதை அவள் எனக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டாள்.

இந்தக் கதையை நான் எடுப்பது கதைப்பின்னலைக் காட்டுவதற்கு. பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் ‘பிறகு… பிறகு… பிறகு…’ என்று கோத்துக்கொண்டே போவார்கள். அப்போது ஒரு விதி போடுங்கள்: ‘பிறகு’ என்ற சொல் இன்றைக்குத் தடை. ‘ஆகவே’, ‘ஆனால்’ இரண்டை மட்டும் பயன்படுத்தலாம். ஆட்டின் தலை சிக்கியது, ஆகவே பெரியவரைக் கூப்பிட்டார்கள். ஆனால் யானை நுழையவில்லை, ஆகவே மதிலை உடைத்தார்கள். தலையை வெட்டினார்கள், ஆனால் அது இன்னும் பானைக்குள்… இப்படிச் சொல்லும்போது ஒரு நிகழ்வு அடுத்ததை இழுத்துக்கொண்டு வருவது அவர்கள் நாக்கிலேயே தெரியும். கரும்பலகையில் ‘ஆகவே’ வரும் இடத்தில் நேர் அம்பு, ‘ஆனால்’ வரும் இடத்தில் வளைந்த அம்பு போடுங்கள். வளைந்த அம்புகளை எண்ணச் சொல்லுங்கள். சிக்கல் இருக்கும் இடங்கள் அவைதான்.

சிக்கல் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் உயிரோடு காட்ட வேண்டுமானால், ஊர் இரு சேரியாகப் பிரிந்து கொம்புகளைக் கோத்து இழுக்கும் கொம்புமுறி விளையாட்டை நினைவூட்டுங்கள். வடசேரி ஒரு பக்கம், தென்சேரி ஒரு பக்கம் நின்று இழுத்தால்தான் கொம்பு முறியும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் விளையாட்டே இல்லை. “இந்தக் கதையில் இரண்டு பக்கமும் யார் இழுக்கிறார்கள்?” என்று கேட்டேன். வகுப்பு நீண்ட நேரம் யோசித்தது. ஆடா, பானையா, யானையா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பிள்ளை, “ஒரு பக்கத்தில் ஆளே இல்லை சேர். ஒருவரும் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லையே” என்றது. அதற்குமேல் அந்தக் கதையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொரு விஷயம். பக்கத்து இனத்தாரின் முட்டாள் கதையை மட்டும் சொல்லிவிட்டு மணியடித்து எழுந்து போய்விடாதீர்கள். ‘அவர்கள் முட்டாள்கள்’ என்று ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொன்னால் உங்கள் பாடம் பாழ். மகாதனமுத்தாவைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் சிங்களவர்கள்தான் என்று சொல்லுங்கள். கூடவே நம் பரமார்த்த குருவையும் கொண்டுவாருங்கள். வீரமாமுனிவர் தமிழில் எழுதிய அந்தக் குருவுக்கும் சரியாக ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். இரண்டு குருமாரையும் அருகருகே உட்கார வைத்தால் யார் பெரிய முட்டாள் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். பிரிவு தமிழ், சிங்களம் என்று இராது.

இரண்டாம் பானை: குட்டி போட்ட பானை

முல்லா நஸ்ருதீன் துருக்கியிலிருந்து மத்திய ஆசியா வரை பல நாடுகள் ‘எங்கள் ஆள்’ என்று உரிமை கொண்டாடும் மனிதர். முஸ்லிம் பிள்ளைகள் பலர் அவரை ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். கதையை அவர்களில் ஒருவரையே சொல்ல விடுங்கள்.

முல்லா பக்கத்து வீட்டில் பெரிய பானை ஒன்றை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு சின்னப் பானை. “உங்கள் பானை குட்டி போட்டிருக்கிறது” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு இரண்டையும் வாங்கி வைத்தார். சில நாள் கழித்து மறுபடி இரவல். இம்முறை பானை திரும்பவில்லை. கேட்டதற்கு, “மன்னியுங்கள், உங்கள் பானை இறந்துவிட்டது” என்றார் முல்லா. “பானை எப்படி இறக்கும்?” “குட்டி போட்டது என்றபோது நம்பினீர்களே!”

இது பாத்திரத்துக்கான கதை. இங்கே நம் கூத்தைத் துணைக்கு அழைக்கலாம். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிகளில் எதுவானாலும், கூத்தில் யாரும் சும்மா வந்து ஆடுகளமான களரியில் நிற்பதில்லை. தான் யார் என்று பாடி, வரவு ஆடிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார்கள். வகுப்பின் நடுவில் வெண்கட்டியால் வட்டம் போட்டு அதைக் களரி என்று சொல்லுங்கள். முல்லாவாகவும் பக்கத்து வீட்டுக்காரராகவும் பிள்ளைகள் வரவு தரட்டும். மூன்று வரி போதும்: நான் யார், எனக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறேன்.

மூன்றாவது வரிதான் பாடத்தின் உயிர். முதல் இரண்டு வரிகளை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ‘எதை மறைக்கிறேன்’ என்றதும் வகுப்பு அமைதியாகும். பக்கத்து வீட்டுக்காரராக வந்த சிறுவன் ஒருவன், “பானை குட்டி போடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் சின்னப் பானை போய்விடும்” என்றான். அந்த மனிதரின் பேராசையை நான் ஒரு வார்த்தையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: “அவர் முதல் நாளே ‘பானை குட்டி போடாது, உங்கள் சின்னப் பானையை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று சொல்லியிருந்தால்?” கதை அங்கேயே செத்துவிடும். ஆளின் குணம்தான் நிகழ்ச்சியை நடத்துகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெட்கப்படும் பிள்ளைகளைக் களரிக்குள் இழுக்க வேண்டாம். அவர்களுக்குப் பானை வேடம் கொடுங்கள். பேசத் தேவையில்லாத வேடம், ஆனால் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாம் பானை: அறிவுப் பானை

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வாழும் அசாந்தி மக்களின் கதைகளில் அனான்சி என்றொரு சிலந்தி உண்டு. கதையைச் சொல்லும் முன் உலகப் படத்தில் கானாவைத் தொட்டுக் காட்டுங்கள். ‘ஆப்பிரிக்கக் கதை’ என்று மட்டும் சொன்னால் ஆப்பிரிக்கா ஒரு நாடு என்றே பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு இந்தச் சிலந்தி ஜமைக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

உலகத்தின் அறிவு முழுவதையும் அனான்சி ஒரு பானைக்குள் போட்டு அடைத்தது. யாருக்கும் எட்டாமல் ஒளித்து வைக்க உயர்ந்த மரத்தில் ஏறியது. பானையை வயிற்றுப் பக்கம் கட்டியிருந்ததால் கால்கள் மரத்தைப் பிடிக்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. கீழே நின்ற மகன், “அப்பா, பானையை முதுகில் கட்டினால் என்ன?” என்றான். எல்லா அறிவும் என் பானைக்குள் என்றால் இவனுக்கு எப்படித் தெரிந்தது? ஆத்திரத்தில் கை தவறியது. பானை விழுந்து உடைந்தது, அறிவு எங்கும் சிதறியது.

இதைக் களத்துக்கு எடுக்கலாம். மரத்தை மாற்றிப் பாருங்கள். தென்னை என்றால்? பனை என்றால்? வாவிக்கரையில் கண்டல் மரம் என்றால்? அது உயரமில்லை, விழுந்தாலும் சேற்றில்தான், பானை உடையாது. உடையாவிட்டால் அறிவு சிதறாது, கதைக்கு முடிவு இல்லை. அப்படியானால் இந்தக் கதைக்கு உயர்ந்த மரமும் கெட்டித் தரையும் கட்டாயம் வேண்டும். களம் என்பது திரைச்சீலையில் தீட்டிய படமல்ல, கதையைத் தாங்கும் கால் என்று விளங்கவைக்க இந்த ஒரு மரம் போதும். தென்னையில் கள் இறக்குவதைப் பார்த்திருந்த ஒருவன், “அவர்கள் முட்டியை முன்னால் கட்ட மாட்டார்கள் சேர். அனான்சி நம் ஊரில் கேட்டிருக்கலாம்” என்றான்.

உயர் வகுப்பானால் இங்கே முதற்பொருளைச் சொல்லிவிடலாம். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது, இன்று நாம் களம் என்பதற்கு மிக நெருக்கம். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் நெய்தலும் படுவான்கரையின் மருதமும் வகுப்பறை யன்னலிலிருந்தே தெரியும். ஒரு பொறியும் இருக்கிறது. தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, பறவை, பறை முதலியவை. இன்றைய பாடங்களில் கருப்பொருள் என்றால் கதையின் மையக் கருத்து. ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஒரே வாரத்தில் சொல்லிக் குழப்பாதீர்கள். நான் ‘கரு’ என்று மட்டும் சொல்கிறேன்.

கருவைப் பற்றி

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து நாம் கற்பது என்ன?’ என்று கேட்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். கேட்ட உடனே பிள்ளைகள் ‘பேராசை கூடாது’ என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுச் சிந்திப்பதை நிறுத்திவிடுவார்கள். நீதி என்பது நாம் கதையின்மேல் ஒட்டும் சீட்டு. கரு என்பது கதை உள்ளே எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்பது. மூன்று பானைகளையும் ஒன்றாக வைத்து, “இவை மூன்றும் எதைப் பற்றிப் பேசுகின்றன?” என்று கேளுங்கள். முதலில் பானையைப் பற்றி என்பார்கள், சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக வரும். மூன்றிலும் ஒருவர் தனக்கு எல்லாம் தெரியும், தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறார். ஒரு வகுப்பில் ‘கற்றது கைம்மண்ணளவு’ என்று ஒரு மாணவி சொன்னாள். அனான்சிக்குச் சரி, முல்லாவின் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்துமா என்று இன்னொருவன் கேட்டான். அரை மணி நேரம் போனது. பாடத்திட்டம் பின்தங்கியது. போகட்டும்.

இப்போதுதான் கரும்பலகையில் கட்டம் போட வேண்டும். மேலே மூன்று பானைகளின் படம், பக்கத்தில் அந்த ஐந்து சொற்கள். பிள்ளைகள் ஏற்கெனவே கண்டுபிடித்த பொருளுக்கு நீங்கள் பெயர் மட்டும் கொடுக்கிறீர்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்றை வெறுமையாக விட்டு டிமைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இடைவேளையில் யாராவது வந்து எழுதிவிட்டுப் போவார்கள்.

வீட்டிலிருந்து கதை

அடுத்து, அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு ஒரு கதை கொண்டுவரச் சொல்லுங்கள். எழுதிக் கொண்டுவர வேண்டாம், காதில் வாங்கி வந்தால் போதும். வந்து சொல்லும்போது மற்றவர்கள் ‘எங்கே’, ‘யாருக்கு என்ன வேண்டும்’, ‘ஆனால் என்ன நடந்தது’ என்று கேட்கட்டும். பாடும் மீன் கதை எப்படியும் வரும். கல்லடிப் பாலத்தடியில் நிலா வெளிச்சத்தில் கேட்கும் சத்தம் மீனா, சிப்பியா, வேறெதுவுமா என்று வீட்டுக்கு வீடு வேறு கதை. அது நல்லதே. ஒரே களத்தில் எத்தனை கதைகள் என்று எண்ணலாம்.

ஆனால் கதை சொல்லப் பெரியவர்கள் இல்லாத வீடுகளும் நம் வகுப்பில் உண்டு. போரிலும், 2004 டிசம்பர் 26இன் கடல் அலையிலும் போனவர்கள் இங்கே ஒன்றிரண்டு பேரல்ல. ‘கட்டாயம் தாத்தா பாட்டியிடம்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு மாமி, பஸ் நடத்துனர், கடைக்காரர் யாரிடமும் கேட்கலாம் என்று சொல்லுங்கள். கடல் வரும் கதையை ஒரு பிள்ளை பாதியில் நிறுத்தினால் முடிவைக் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

தரம் 6, 7 ஆனால்

மூத்த பிள்ளைகளுக்குச் சின்ட்ரெல்லாவை எடுங்கள். எல்லாருக்கும் தெரிந்தது கண்ணாடிச் செருப்பும் தேவதையும் வரும் கதை. பிரான்சில் பெரோ அதை 1697இல் வெளியிட்டார். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், சீனாவில் யே சியன் என்ற பெண்ணின் கதை எழுதப்பட்டுவிட்டது. அங்கே தேவதை இல்லை. அவள் வளர்த்த மீனைச் சிற்றன்னை கொன்று தின்றுவிடுகிறாள். மறைத்துவைத்த மீன்முள்தான் அவளுக்கு வேண்டியதைக் கொடுக்கிறது. செருப்பு பொன்னாலானது. மீன்பிடி ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த மீன்முள்ளைச் சொல்லிப் பாருங்கள். தேவதையைவிட அதை உடனே நம்புவார்கள். ‘உதவி செய்பவர்’ என்ற இடம் கதையில் மாறாமல் இருக்க, அந்த இடத்தில் உட்காருவது யார் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். நோக்குநிலைக்கு, அதாவது கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதற்கு, ஆட்டின் வாயால் மகாதனமுத்தா கதையைச் சொல்லச் சொன்னால் போதும். அது எந்த வரியில் நின்றுபோகும் என்பதே பெரிய பாடம்.

மதிப்பீடு

‘களம் என்றால் என்ன?’ என்று வினாத்தாளில் கேட்காதீர்கள். புதிய கதை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நான் அந்தரேயின் கதையைப் பயன்படுத்துகிறேன். சிங்கள அரசவை விகடகவி அவர். பாயில் உலரப்போட்டிருந்த சீனியைக் காட்டி, அது மணல் என்றார் அரசர். சிறிது நேரத்தில் அந்தரேயின் மகன் ஓடிவந்து ‘அம்மா இறந்துவிட்டார்’ என்று அலறினான். ‘ஐயோ, இனி நம் வாயில் மண்தான்’ என்று தகப்பனும் மகனும் அழுது புரண்டு அந்த ‘மணலை’ வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ‘வாயில் மண் விழுந்தது’ என்று நாமும் சொல்வதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. கேள்விகள்: அரசர் எதை மறைக்கிறார்? அந்தரே எதை மறைக்கிறார்? ‘ஆனால்’ எங்கே வருகிறது? சீனி வீட்டுக்குள் பூட்டியிருந்தால் கதை நடக்குமா?

ஐந்தாவதாக ஒரு கேள்வி வைப்பேன்: நாம் கேட்ட கதைகளிலிருந்து ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் பாத்திரம் என்று எழுதுக.

பெரும்பாலும் முல்லா என்பார்கள், அனான்சி என்பார்கள். ஒரு வருடம் ஒரு மாணவி ‘பானை’ என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையை எடுத்துவிட்டேன், பழைய ஞாபகம். கீழே இப்படி இருந்தது: “முல்லா கதையில் பானை பிறந்தது, குட்டி போட்டது, இறந்தது. மற்ற இருவருக்கும் இவ்வளவு நடக்கவில்லை.” முழுப் புள்ளியும் கொடுத்தேன். மறுநாள் அந்த விடையைக் கரும்பலகையில் எழுதி, சரியா பிழையா என்று வகுப்பிடம் கேட்டேன். குட்டி போட்டது பொய்தானே, பொய்யாக நடந்தால் கணக்கில் வருமா என்று ஒருவன் எழுந்தான். இடைவேளை மணி அடித்தது. யாரும் வெளியே போகவில்லை.